மாத்திரையின் தூக்கமா, வேறு தூக்கமா? வலிப்பு மருந்தும் பகல் நேரக் கலக்கமும்

ஜனவரி 9, இரவு 10.15 (கேள்வி)

இரண்டாவது முறை வலிப்பு வந்த பிறகு, லெவெடிராசெட்டம் 500 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. வலிப்பு வரவில்லை, ஆனால் நான் நானாகவும் இல்லை. பள்ளியில் பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் எழுதத் திரும்பினால், சாக்பீஸ் பலகையில் பட்டபடியே கண் சொக்கிப்போகிறது. நிமிர்ந்து பார்த்தால் எழுதிய வரி சரிந்து கீழே இறங்கியிருக்கிறது. மருத்துவரிடம் அடுத்த சந்திப்பு ஐந்து வாரம் கழித்துத்தான். காலை மாத்திரையை மட்டும் பாதியாக உடைத்துப் போட்டால் என்ன ஆகும்? பழகிவிடும் என்பவர்கள், எத்தனை நாளில் பழகியது என்றும் சொல்லுங்கள்.

ஜனவரி 10, காலை 6.50

பாதியாக்க வேண்டாம். மற்றதை நாளைக்குப் படித்தாலும் இந்த ஒரு வரியை இன்றே படித்துவிடுங்கள். ஐந்து வாரம் காத்திருக்கவும் வேண்டாம். மருந்து எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து, வேலை செய்ய முடியாத அளவுக்குத் தூக்கம் வருகிறது என்று சொன்னால், அளவையோ நேரத்தையோ மாற்ற அவருக்கு வழி இருக்கிறது. பக்கவிளைவைச் சொல்வதற்குக்கூடச் சந்திப்பு நாள் வரும்வரை பொறுத்திருப்பது நம்மைப் போன்ற நோயாளிகள் காட்டும் தேவையற்ற மரியாதை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். லெவெடிராசெட்டம் தரும் தூக்கமும் அசதியும் பெரும்பாலும் முதல் நான்கு வாரங்களில்தான் மிகுதியாக இருக்கும். நீங்கள் மூன்றாம் வாரத்தின் கடைசியில் நிற்கிறீர்கள். இது தானாகவே தணியக்கூடும், தணியாமலும் போகலாம். எதுவானாலும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வலிப்பு மாத்திரை விழுங்குகிறவன். அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துவது தொழில். கண் விழித்துப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதால், இந்தத் தூக்கத்தோடு எனக்கு நீண்ட வழக்கு உண்டு.

ஜனவரி 10, காலை 7.20

ஒன்று விட்டுப்போயிற்று. வண்டி ஓட்டுகிறீர்களா? இரண்டு முறை வலிப்பு வந்தவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓட்டவே கூடாது. அதன்மேல் கண் சொக்கும் நிலையும் சேர்ந்திருக்கிறது. ஏணி ஏறுவது, தண்ணீரில் தனியாக இறங்குவது, கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குவது ஆகியவற்றையும் இந்த வாரங்களில் வேறொருவர் கையில் விட்டுவிடுங்கள்.

ஜனவரி 11, இரவு 9.40

தொலைபேசியில் பேசுவதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அந்தச் சொல் "மயக்கம்".

முதல் மூன்று ஆண்டுகள் மருத்துவரிடம் நான் சொன்னதெல்லாம் "மயக்கமாக இருக்கிறது, ஐயா" என்பதுதான். தமிழில் அந்த ஒரே சொல் நினைவு தப்பி விழுவதையும் குறிக்கும், தலை கிறுகிறுப்பதையும் குறிக்கும், தூக்கம் கண்ணை அழுத்துவதையும் குறிக்கும். நான் தூக்கத்தைச் சொன்னேன். அவர் நினைவு தப்புவதாக எடுத்துக்கொண்டார். வலிப்பு நோயாளி நினைவு தப்புகிறது என்றால் எந்த மருத்துவரும் என்ன செய்வார்? மருந்தைக் கூட்டினார். கூட்டியதும் தூக்கம் இன்னும் கூடியது. அடுத்த முறை போய், "மயக்கம் அதிகமாகிவிட்டது, ஐயா" என்றேன். குற்றம் அவருடையது என்று பல காலம் ஏசிக்கொண்டிருந்தேன். சொற்களைப் பார்த்துப் பிழைக்கும் நான் அந்த ஒரு சொல்லைப் பார்க்கத் தவறியது பிறகுதான் உறைத்தது.

ஆகவே பிரித்துச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்தில் கண் மூடிக்கொள்கிறதா? அது தூக்கக் கலக்கம். கண் திறந்தே இருக்கிறது, ஆனால் கை கால் எழ மறுக்கிறதா? அது அசதி. விழிப்பாகவே இருக்கிறீர்கள், ஆனால் வாயருகில் நிற்கும் சொல் வர மறுக்கிறது, கூட்டல் கணக்கு நழுவுகிறது என்றால் அது மந்தம்; டோபிரமேட் என்ற மருந்து இதற்குப் பெயர்போனது. நடக்கும்போது தரை சாய்வதுபோல இருந்தாலோ, எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அது கிறுகிறுப்பு. கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்றவற்றின் அளவு இரத்தத்தில் உயர்ந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் தேடும் காரணம் வேறு, எடுக்கும் முடிவும் வேறு.

கரும்பலகையில் வரி சரிந்து இறங்கியது என்று எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. கூடவே, அந்த நொடிகளில் வகுப்பின் சத்தம் உங்கள் காதில் விழுந்துகொண்டிருந்ததா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். கண் சொக்கியதா, அல்லது சில நொடி நினைவு அறுந்துபோன சிறு வலிப்பா என்று பிரித்தறிய அவருக்கு அது உதவும்.

ஜனவரி 14, இரவு 8.30

சொல்லைப் போலவே நேரமும் முக்கியம். என் கதையைச் சொல்கிறேன்.

கார்பமசெபின் சாதாரண மாத்திரையைக் காலை ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். பத்தரை மணி வரை ஒன்றும் இருக்காது. பதினொன்றை நெருங்கும்போது வரிகள் பிரியத் தொடங்கும். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அதன் வெளிறிய இரட்டை வந்து உட்காரும். ஒருநாள் ஒரு பக்கத்தில், ஒரே சொல் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது என்று நான்கு இடங்களில் அடித்துக் கொடுத்துவிட்டேன். அச்சுக்கோப்பவர் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, இருந்ததே ஒன்றுதான், அதையும் அடித்துவிட்டீர்கள்" என்றார்.

விழுங்கிய மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது. சாதாரணக் கார்பமசெபினுக்கு அது சுமார் நான்கைந்து மணி நேரம். லெவெடிராசெட்டத்துக்கு வெறும் வயிற்றில் சுமார் ஒரு மணி நேரம். தொல்லை தினமும் அந்த உச்ச நேரத்திலேயே வருகிறது என்றால், கோளாறு மொத்த அளவில் இல்லாமல் உச்சத்தில் மட்டும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது. மொத்த மில்லிகிராமைத் தொடாமல், மெதுவாகக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றினார். ஒரு வாரத்தில் சொற்கள் ஒற்றையாகிவிட்டன. மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. செய்தால் நாள் முழுவதும் இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

எளிய வழி, பெரும்பகுதி மருந்தை இரவுக்கு நகர்த்திவிடுவது. தூக்கம் வரட்டும், படுக்கையில் வரட்டும்.

ஜனவரி 15, காலை 6.10

நேற்றைய கடைசி இரண்டு வரிகளைத் திருத்துகிறேன். எல்லா மருந்தையும் இரவுக்கு நகர்த்த முடியாது. உடலில் நெடுநேரம் தங்கும் மருந்துக்குத்தான் அது பொருந்தும். மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். ஃபீனோபார்பிட்டாலுக்கு அது மூன்று நாளுக்கும் மேல் போகும்; லெவெடிராசெட்டத்துக்குப் பெரியவர்களில் 6 முதல் 8 மணி நேரம்தான். சாதாரண லெவெடிராசெட்டத்தை முழுவதும் இரவில் போட்டால், மறுநாள் மாலைக்குள் பாதுகாப்பு மெலிந்துவிடும். எதை, எவ்வளவு, எந்த வேளைக்கு என்பது மருந்தின் கணக்கு தெரிந்தவர் போட வேண்டியது. தூக்கக் கலக்கத்தில் எழுதியதை மறுநாள் காலையில் படித்துப் பார்ப்பது எனக்குத் தொழில்வழி வந்த பழக்கம், இங்கும் உதவியது.

ஜனவரி 19, மாலை 5.00

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தூக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்." இதை என் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். தவறு, ஆனால் காரணமில்லாமல் பிறந்த தவறு இல்லை.

முதலில் பயன்பட்ட வலிப்பு மருந்துகள் உண்மையிலேயே தூக்க மருந்துகள்தான். 1857இல் சார்லஸ் லோகாக் என்ற ஆங்கில மருத்துவர் பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதாகச் சொன்னார். அது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 12 நாள் ஆகும். தொடர்ந்து உண்டவர்கள் மந்தித்து, மறதி பிடித்து, தள்ளாடிக் கிடந்தார்கள். 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மான், நோயாளிகளைத் தூங்கவைக்க ஃபீனோபார்பிட்டாலைக் கொடுத்தபோது வலிப்பும் குறைவதைக் கவனித்தார். மூளையை அமர்த்தினால்தான் வலிப்பு அடங்கும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. அதை அசைத்தது ஃபெனிட்டாயின். 1908லேயே செய்யப்பட்டுக் கிடந்த அந்தப் பொருளை 1938இல் மெரிட், புட்னம் இருவரும் வலிப்புக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஆளைத் தூங்கவைக்காமலே வலிப்பைத் தடுக்க முடியும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

இன்று லாமோட்ரிஜின் எடுக்கும் பலருக்குத் தூக்கமே வருவதில்லை. சிலருக்கு இரவிலும் வருவதில்லை என்பது அவர்களுடைய வழக்கு. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வலிப்பு வந்த நாட்களை எண்ணுங்கள், கொட்டாவியை எண்ண வேண்டாம்.

ஜனவரி 27, இரவு 11.05

"ஒருநாள் மட்டும் விட்டால் என்ன?" என்று இன்னொருவர் கேட்டிருப்பதால், சொல்லக் கூச்சப்படும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெரிய தொகுப்பின் கடைசிப் படியை ஒரே நாளில் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தெளிவாக இருக்க வேண்டும் என்று முந்தின நாளின் இரண்டு வேளையையும் அன்று காலை வேளையையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பல ஆண்டுகளில் அப்படியொரு தெளிந்த காலையை நான் கண்டதில்லை. ஒரு மெல்லிய திரை விலகியதுபோல இருந்தது. நாற்பது பக்கங்களை ஓடவிட்டேன். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது தரைதான். கன்னத்தில் குளிர்ச்சி, வாயில் இரும்புச் சுவை, மேசைக்கடியில் என் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது மட்டும் தனியாகக் கிடந்தது. நான்கைந்து ஜோடிச் செருப்புகள் என்னைச் சுற்றி நின்றன. தரையில் சிதறிய மூன்று மாத்திரைகளை யாரோ பொறுக்கி, "இது உங்களுடையதா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல நாக்கு வரவில்லை, ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது. எனக்கு வந்தது ஒரு வலிப்போடு நின்றது. மருந்தைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு நிற்காமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே முடிவாவதும் உண்டு.

ஜனவரி 28, காலை 7.00

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு மணி நேரக் கண்சொக்கலைத் தவிர்க்கப் போய், வலிப்புக்குப் பிந்தைய அசதியில் பதினாறு மணி நேரம் தூங்கினேன். தொகுப்பை வேறொருவர் முடித்தார். அதில் பிழை எதுவும் இல்லை என்பது கூடுதல் வருத்தம்.

பிப்ரவரி 6, இரவு 9.15

ஆசிரியை மீண்டும் எழுதியிருக்கிறார். தொலைபேசியில் பேசினாராம்; மருத்துவர் காலையில் 250, இரவில் 750 என்று மாற்றியிருக்கிறாராம். "நான் கேட்ட அதே பாதிதானே!" என்று கேலி செய்கிறார். பாதிதான், அம்மா. ஆனால் நீங்கள் விட நினைத்த பாதி குப்பைக்குப் போகாமல் இரவுக்குப் போயிருக்கிறது, மொத்தம் குறையவில்லை. இது உங்களுக்காகப் போட்ட கணக்கு என்பதால், இதைப் படிக்கும் மற்றவர்கள் எடுத்துப் பின்பற்ற வேண்டாம்.

பிப்ரவரி 8, மாலை 6.30

மருந்தைத் தொடாமல் பகலைக் கடத்த நான் கற்றவை இவை. எல்லாம் சிறிய வேலைகள். எதுவும் அற்புதம் செய்யாது.

எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றுவதில்லை. தூக்கக் கலக்கம் இருக்கிறதே என்று இரவில் கூடுதலாக விழித்து வேலையை ஈடுகட்டிய காலம் ஒன்று உண்டு. தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதால், அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. மதிய இடைவேளையில் இருபது நிமிடம், அலாரம் வைத்து, நாற்காலியிலேயே தூங்குகிறேன். படுத்தால் அது ஒரு மணி நேரமாகி, எழும்போது முன்னைவிட மோசமாக இருக்கும். மூன்று மணிக்குப் பின் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். அலுவலகத்தில் முதலில் மறைத்தேன். பிறகு மேலாளரிடம் மட்டும் சொல்லி அனுமதி வாங்கினேன். மறைத்த காலத்தில் கழிப்பறையில் சுவரில் தலை சாய்த்துத் தூங்கியவன் நான். சொன்னதில் நட்டம் எதுவும் எனக்கு வரவில்லை, எல்லா மேலாளரும் அப்படி இருப்பார்கள் என்று உறுதி சொல்லவும் முடியாது.

கூர்மை வேண்டிய வேலையை என் தெளிந்த மணிகளுக்கு நகர்த்தினேன். காலை எட்டரை முதல் பத்தரை வரை கடினமான பக்கங்கள். கலங்கும் நேரத்தில் நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை, பொருளடக்கத்தைச் சரிபார்ப்பது, எழுந்து நடந்து படி வாங்கி வருவது. உட்கார்ந்து மௌனமாகப் படிப்பதைவிட, வாய்விட்டு முணுமுணுத்துப் படித்தால் கண் சொக்குவது குறைகிறது. பக்கத்து மேசைக்காரருக்கு இதில் உடன்பாடில்லை.

காபி காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று, அதோடு சரி. அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மாலைக் காபி இரவுத் தூக்கத்தைத் தின்று, மறுநாள் காலையில் மாத்திரையின் மேல் பழி போடவைக்கும். மது வேண்டாம், அது மாத்திரையின் தூக்கத்தைப் பெருக்குவதோடு, இறங்கும்போது வலிப்பையும் கிளறும்.

பிப்ரவரி 20, இரவு 10.00

இனி எழுதுவது, இதுவரை எழுதியதைக் கொஞ்சம் கவிழ்க்கக்கூடியது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரவு வேளையில் க்ளோபசாம் சேர்த்தார்கள். முதல் வாரம் சமாளித்தேன். இரண்டாம் வாரம் காலைகள் கனத்தன. மூன்றாம் வாரம் பல் துலக்கும்போதே தூங்கினேன். பழகப் பழகக் குறையும் என்று எல்லோரும் சொல்ல, எனக்கு மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. காரணம் பிறகு புரிந்தது. க்ளோபசாம் உடலில் உடைந்து உண்டாகும் பொருளுக்கும் வீரியம் உண்டு. அதன் அரை ஆயுள் 70, 80 மணி நேரம் என்று நீள்வதால், அது சேர்ந்து நிலைபெறவே இரண்டு மூன்று வாரம் ஆகிறது. மரபுவழியாகச் சிலருக்கு அதை அகற்றும் நொதி மந்தமாக இருக்கும். அவர்களிடம் இன்னும் மிகுதியாகத் தேங்கும். அளவு தினமும் ஏறிக்கொண்டிருக்கும்போது மூளை எதற்கென்று பழகும்? எனவே "முதல் வாரமே ஒன்றும் ஆகவில்லை, இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொண்டது" என்றோ, "பத்து நாளில் சரியாகிவிடும்" என்றோ எல்லா மருந்துக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது.

கவிழ்க்கும் பகுதி இனிமேல்தான். மருத்துவர் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னார். கூடவே, 1991இல் மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் உருவாக்கிய எப்வொர்த் தூக்க அளவைக் கேள்விகளையும் கொடுத்தார். படிக்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24, 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். நான் 16 வாங்கினேன். மருத்துவரின் காத்திருப்பறையில் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டதால், பொது இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு யோசிக்காமல் 3 போட முடிந்தது.

குறிப்பேட்டில் மூன்றே பத்திகள்: எழுந்த நேரம், கலக்கம் தெளிந்த நேரம், வேறு ஏதாவது. ஆறு வாரம் எழுதியபின் பார்த்தால், என் காலைகள் இரண்டு வகையாக இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒன்பதரைக்குத் தெளிந்திருந்தது. ஏழு காலைகளில் மட்டும் நாள் முழுவதும் தெளியவில்லை. அந்த ஏழிலும் மூன்றாம் பத்தியில், "கெண்டைக்கால் வலி", "தலைவலி", "நாக்கு எரிகிறது" என்று நானே எழுதியிருந்தேன். எழுதிய கைக்கு விளங்கவில்லை; புரட்டிப் பார்த்த மருத்துவருக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. அவை தூக்கத்திலேயே வலிப்பு வந்துபோன இரவுகள்.

மார்ச் 3, இரவு 8.45

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். இரவுக் கார்பமசெபினைச் சற்றுக் கூட்டினார்கள். என்னைத் தூங்கவைத்ததாக நான் பல ஆண்டுகள் ஏசிய அதே மருந்தை! இரவு வலிப்புகள் நின்றன. அந்த முழுநாள் கலக்கமும் நின்றது. மருந்து கூடியது, தூக்கம் குறைந்தது. ஜனவரியில் நான் எழுதியவற்றைப் படித்தால், பகல் தூக்கம் என்றாலே மாத்திரையின் வேலை என்று நானே நம்பியிருந்ததுபோலத் தெரிகிறது. பாதி அதன் வேலைதான். மீதிப் பாதிக்கு அதன்மேல் பழி போட்டிருந்தேன்.

உடன் தூங்குபவரிடம் கேளுங்கள். உலுக்கல், முனகல், படுக்கை நனைதல் ஆகியவை மட்டுமல்லாமல் குறட்டையையும் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு வலிப்பு நோயாளிகளிடம் அதிகமாகவே காணப்படுகிறது. அதற்குச் சிகிச்சை பெற்றால் பகல் தூக்கம் விலகுவதோடு, சிலருக்கு வலிப்பும் குறைகிறது.

மார்ச் 16, மாலை 4.20

ஒரு வாசகர் தம் தந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். வயது 71, முப்பது ஆண்டுகளாக ஃபீனோபார்பிட்டால், இரண்டு மாதத்துக்கு முன் வால்ப்ரோயேட் சேர்த்திருக்கிறார்கள். இப்போது நாள் முழுக்கத் தூங்குகிறார், எழுப்பினால் குழறுகிறார். வயதானால் அப்படித்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்களாம்.

ஐயா, இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட், ஃபீனோபார்பிட்டால் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாமலே பழைய மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். அது மெதுவாக ஏறும் மருந்து என்பதால் சில வாரம் கழித்தே வெளியில் தெரியும். வால்ப்ரோயேட் சிலருக்கு இரத்தத்தில் அம்மோனியாவையும் உயர்த்தும். அதுவும் இப்படித்தான் தூக்கமாகவும் குழப்பமாகவும் காட்டிக்கொள்ளும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். முப்பது ஆண்டு ஃபீனோபார்பிட்டாலைச் சட்டென்று நிறுத்துவது மிகவும் ஆபத்து.

என் வீட்டிலேயே ஒன்று நடந்தது. தொண்டைப் புண்ணுக்கு வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதினார்; நான் வலிப்பு மருந்து எடுப்பவன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தேன், சொற்கள் மறுபடியும் இரட்டையாயின. அந்த மருந்து கார்பமசெபினின் அளவை ஏற்றிவிடும். அதற்குப் பிறகு, எடுக்கும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். சளிக்கு வாங்கும் பழைய வகை மாத்திரைகளும் தூக்கம் தருபவையே. ஏற்கெனவே தள்ளாடுகிறவனை இன்னொருவர் தள்ளுவதுபோல.

மார்ச் 17, காலை 6.40

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. எழுப்பினாலும் எழாத தூக்கம், புதிதாக வந்த குழப்பம், வாந்தியோடு சேர்ந்த மந்தம், புதிய தோல் தடிப்பு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் எடுப்பவர்களுக்குச் சோடியம் குறைந்தும் தூக்கமும் குழப்பமும் வரலாம், முதியவர்களுக்குக் கூடுதலாக. லெவெடிராசெட்டம் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவே மிகையாகிவிடும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், தூக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை, அவசர ஊர்திதான்.

ஏப்ரல் 9, இரவு 9.50

ஆசிரியையிடமிருந்து: "தூக்கம் முக்கால்வாசி போய்விட்டது. வரி நேராக நிற்கிறது. ஆனால் பிள்ளைகள்மேல் எரிந்து எரிந்து விழுகிறேன். தூக்கம் போதாததால் என்று நினைத்தேன்."

தூக்கம் திரும்பியபின்னும் எரிச்சல் இருக்கிறது என்றால், அது தனிப் பக்கவிளைவாக இருக்கலாம். லெவெடிராசெட்டம் சிலருக்கு மனநிலையை மாற்றும். எரிச்சல், காரணமற்ற அழுகை, சோர்வு எல்லாம் வரும். குணம் கெட்டுவிட்டது என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்; மருத்துவரிடம் பேசும்போது தூக்கத்துக்குக் கொடுத்த அதே முக்கியத்துவத்தை இதற்கும் கொடுங்கள். வாழ்வே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றே பேசுங்கள். எல்லா வலிப்பு மருந்துகளிலும் அந்த அபாயத்தைக் கவனிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே எச்சரித்திருக்கிறது.

எனக்கும் இப்படியொரு குழப்பம் இருந்தது. அசதி என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு மனச்சோர்வு. தூங்கி எழுந்தாலும் அது தெளியவில்லை. அதில்தான் வேறுபாடு தெரிந்தது.

மே 4, பகல் 11.40

க்ளோபசாமைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில் குறைத்து வருகிறோம். நேற்றோடு நான்காவது படி இறங்கியிருக்கிறது. காலையில் தெளியும் நேரம் குறிப்பேட்டில் ஒன்பதரையிலிருந்து எட்டே காலுக்கு வந்துவிட்டது. நாக்கு எரிச்சல், கெண்டைக்கால் வலி எதுவும் இல்லை. வந்தால் மறுபடி ஏறுவதென்று பேச்சு.

இதை வேலை நேரத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சற்று முன் ஒரு பக்கத்தில் ஒரு சொல் இரண்டாகத் தெரிந்தது. மணியைப் பார்த்தேன், பதினொன்றரை, பழைய நேரம். மருந்தால் வரும் இரட்டைப் பார்வை, ஒரு கண்ணை மூடினால் மறைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டு. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் இரண்டு. பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் காட்டினேன். "இரண்டுதான்" என்றார். ஒன்றை அடித்தேன்.